கபடி போய் சடுகுடு வந்தபோது

எதிர்ப்பக்கம் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதைக் கபடியில் எல்லோரும் ரைடு என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் ‘பாடிப்போறது’ என்று பெயர். நடுக்கோட்டைத் தாண்டும்போது வாய் ‘கபடி கபடி’ என்று பாட ஆரம்பித்துவிட வேண்டும். திரும்பி வந்து அதே கோட்டைத் தொடும்வரை பாட்டு அறுபடக் கூடாது, மூச்சும் வாங்கக் கூடாது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நான் கல்யாணத்துக்கு முன்பும் பாடிப்போனேன், பின்பும் போனேன், பிள்ளை பெற்று எழுந்த பிறகும் போனேன். இப்போது போவதில்லை. மறுபடி போவேனா என்கிற ஒரே கேள்வி கொஞ்ச காலம் என்னோடு வேலைக்கு வந்தது, என்னோடு வீடு திரும்பியது. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு அதற்குத்தான்.

எதற்கு இவ்வளவு ஏக்கம் என்று கேட்பவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குத் தெரிந்ததில்லை. சாயங்காலம் தண்ணீர் தெளித்த மண் கொஞ்சம் ஈரமாக இருக்கும். கோட்டைத் தாண்டியதும் எதிரே ஏழு பேர் கை கோத்துக்கொண்டு வளைவார்கள். அந்த நேரத்தில் எனக்கு மாமியார் கிடையாது, கேஸ் புக் பண்ணுகிற வேலை கிடையாது, மகளின் யூனிட் டெஸ்ட் கிடையாது. வீட்டில் காபி வாங்கும்போது என் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவர்கள் உண்டு. அங்கே என் கண் எந்தப் பக்கம் போகிறது, எந்தக் காலில் கனம் இருக்கிறது என்று ஏழு பெண்கள் என்னைப் படிப்பார்கள். அப்படி யாராவது நம்மைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பம் ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு, தெலுங்கும் உருதுவும் புழங்கும் இந்த ஊருக்கு வந்தது. அப்பாவுக்குப் பிறகு அதே ஒர்க்‌ஷாப்பில் நான் ஃபிட்டர். வீட்டில் பேசுவது வடாற்காட்டுத் தமிழ்தான், ஆனால் அது இந்த ஊரில் தண்ணீர் குடித்து வளர்ந்த தமிழ். அம்மா தள்ளுவண்டிக்காரரிடம், “பையா, அது நக்கோ, அந்த பெத்த வெங்காயம் போடு, இன்னா இவ்ளோ அழுவலா கீது” என்று சொன்னால் அவருக்கும் புரியும், பக்கத்தில் நிற்கும் மூன்று மொழிக்காரர்களுக்கும் புரியும். நக்கோ என்றால் வேண்டாம், பெத்த என்றால் பெரிய.

எனக்குப் படிப்பு ஐடிஐயோடு சரி. மிச்சத்தை எல்லாம் ஆட்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் சேர்த்துக்கொண்டேன். போல்ட்டு துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றால் எங்கள் செக்‌ஷனில், “மாப்பிள்ளை கோவத்துல இருக்காரு, கொஞ்சம் எண்ணெய் வெச்சு சமாதானம் பண்ணு” என்பார்கள். இப்படி யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்கவே மறக்காது. அப்படிப்பட்ட நான், என் வாயால் நானே சொன்ன ஒன்றை மறந்துபோனேன் என்பதுதான் இந்தக் கதை.

சின்ன வயதில் குவார்ட்டர்ஸ் சந்தில் நாங்கள் பெண் பிள்ளைகள் விளையாடியபோது அதன் பெயர் கபடி இல்லை, சடுகுடு. ‘சடுகுடு சடுகுடு’ என்றுதான் பாடுவோம். பள்ளிக்கூட டீமில் சேர்ந்ததும் பி.டி. மேடம் முதல் வேலையாக அதை நிறுத்தினார். மேட்ச்சில் ‘கபடி’ தவிர வேறு எதைப் பாடினாலும் நடுவர் விசில் ஊதி, எதிராளிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்துவிடுவார். அன்றிலிருந்து சடுகுடு என் நாக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அது அங்கே இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

எங்கள் டீம் கேப்டன் ஒரு தெலுங்குக்கார அக்கா, கிரேன் செக்‌ஷனில் வேலை. குவார்ட்டர்ஸில் தமிழ் வீடுகளுக்கு நடுவிலேயே வளர்ந்ததால் தமிழ் பேசுவாள், தன் இஷ்டத்துக்கு. என்னைக் கூப்பிடுவது ‘ஏ பில்லா’ என்று. அடியே பெண்ணே என்று வைத்துக்கொள்ளலாம். ஏரியா டோர்னமெண்டில் நடுவராக வருகிறவரை நாங்கள் எல்லோரும் பாய் என்போம். ரிட்டயரான மனிதர், வெற்றிலைச் சிவப்பு உதடு, ஊதினார் என்றால் விசில் ஸ்டேஷன்வரை கேட்கும்.

அந்த வருஷம் செமிஃபைனலில் எங்களுக்கு எதிரே பாலாநகர் டீம். எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: இடது மூலையில் நின்ற பெண் என் கணுக்காலைப் பிடித்தாள். நான் முன்பக்கமாகச் சாய்ந்தேன். ஒரு முழங்கால் என் நெற்றிப்பொட்டை நோக்கி வந்தது. அதற்கு அப்புறம் கேப்டன் அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், முகத்தில் காற்று அடிக்கிறது, அவள் சிரித்துச் சிரித்து ஸ்கூட்டி ஆடுகிறது. நடுவில் இருந்ததை எல்லாம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் உடனே எழுந்துவிட்டேனாம். பாய் குனிந்து, “டீக் ஹை நா, அம்மா?” என்று கேட்டதற்கு, “ஹவ், ஹவ்” என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினேனாம். அவுட் என்பதால் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன், எங்கள் பக்கம் பாயிண்ட் கிடைத்ததும் உள்ளே வந்தேன், அடுத்ததாக நானே பாடிப்போனேன். கோட்டைத் தாண்டியதும் கணீரென்று, ‘சடுகுடு சடுகுடு சடுகுடு’. பாலாநகர்க்காரிகள் என்னைப் பிடிக்க மறந்து ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்களாம். பாய் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டு, பிறகு ஊதி, பாயிண்ட்டை அவர்களுக்குக் கொடுத்தார். அப்படியும் மேட்ச் எங்களுக்குத்தான்.

“ஏ பில்லா, அது ஏம் பாட்டு?” என்றாள் கேப்டன், ஸ்கூட்டியில் திரும்பிப் பார்த்து. அவளுடைய ‘ஏம்’ நம்முடைய ‘என்ன’.

“ஏன்க்கா, நான் இன்னா பாட்னேன்?”

“பாடினது நீ, கேக்குறது என்னையா?” என்று மறுபடி சிரிப்பு.

மறுநாள் ஒர்க்‌ஷாப் கேண்டீனில் எனக்கு ‘சடுகுடு மேடம்’ என்று பெயர் விழுந்தாகிவிட்டது. டீ கொடுக்கிறவர் டம்ளரை நீட்டும்போது ‘சடுகுடு சடுகுடு’ என்று மூச்சு விடாமல் கொண்டுவந்து வைத்தார். நானும் சிரித்தேன். தலை கொஞ்சம் கனத்தது, வெளிச்சத்தில் கண் கூசியது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிக்காரர், ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. விஷயம் கேள்விப்பட்டு அவரும் சிரித்தார். “ஏளா, சின்னப் பிள்ளையில பாடுனத ஒரு நாளு பாடிட்ட, அதுல என்ன தப்புங்கேன்? அந்த பாய்க்குத்தான் காது சரியில்ல.”

எங்கள் டீமில் ஒருத்தி போனில் எடுத்திருந்த வீடியோவை அனுப்பினாள். பார்த்தேன். என் பனியன், என் கொண்டை, என் நடை. வாயில் மட்டும் குவார்ட்டர்ஸ் சந்து. அந்தப் பெண் ரொம்ப சந்தோஷமாக இருந்தாள், அதுதான் எனக்கு என்னவோபோல் ஆனது. மைதானத்தில் இருந்த எல்லோரிடமும் அந்த நேரம் இருக்கிறது. என்னிடம் இல்லை. என் வீட்டில் நடந்து, நானே போகாத கல்யாணம் மாதிரி.

ஃபைனலுக்கு முன்னால் ஒரு நாள் பிராக்டிஸில் நானும் கேப்டனும் ஒரே ஆளைப் பிடிக்கப் பாய்ந்து, தலையோடு தலை மோதிக்கொண்டோம். அவளுக்குப் புருவத்தில் ரத்தம். எனக்கு வெளியே ஒரு கீறலும் இல்லை. “ஒண்ணுமில்லக்கா, ஆடலாம்” என்று சொல்லிவிட்டுப் பாடிப்போனேன். மற்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். கேப்டன் மட்டும் சிரிக்கவில்லை. துப்பட்டாவால் புருவத்தை அழுத்திக்கொண்டு நடுக்கோட்டில் வந்து என் வழியை மறித்து நின்றாள்.

“ஆட்டம் போதும். எல்லாரும் நில்லுங்க. நீ இப்போ ஏம் பாடினே?”

“கபடி.”

“ஒட்டு போட்டுச் சொல்லு. சத்தியம் பண்ணு.”

“ஒட்டு போட்டு. கபடிதான்க்கா பாட்னேன். இன்னாத்துக்கு எல்லாம் சிரிக்கிறீங்கோ?”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். கேப்டன் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கிரேன் கொக்கியைப் பிடித்துப் பழகிய கை, விடாது. “தினமும் கபடின்னுதான் பாடுறே. தலையில பட்டா மட்டுமே சடுகுடு வருது. அது கூட உனக்குத் தெலியலே. இது நவ்வே விஷயம் இல்லை, பில்லா. சிரிக்கிற விஷயம் இல்லை” என்றாள். அப்படியே மண் ஒட்டின உடுப்போடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த டாக்டர் கோயம்புத்தூர்க்காரர், இந்த ஊருக்கு வந்து அதிக நாளாகவில்லை. தமிழ் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது, கதையைக் கேட்டதும் வாடியது. ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றதும் நான் எழுந்துவிட்டேன்.

“உக்காருங்க, உக்காருங்க. படத்துல தெரியலைன்னா ஒண்ணுமே ஆகலைன்னு அர்த்தம் இல்லீங்க. சோடா பாட்டிலைக் குலுக்கினா பாட்டில் உடையறதில்லை, உள்ள இருக்கிறது பொங்குதில்லைங்களா? அடங்கற வரைக்கும் திரும்பக் குலுக்கக் கூடாது.”

“ஏன் டாக்டர் அந்தப் பாட்டு வருது?”

“அது ஏன்னு எனக்குத் தெரியாதுங்க. பொய் சொல்லக் கூடாது. ஆனா நீங்க பாடினதே உங்களுக்குத் தெரியலை பாருங்க, எனக்கு அதுதான் பயம். முதல் அடி ஆறறதுக்குள்ள ரெண்டாவது பட்டிருக்கு. இந்த சீசன் வேண்டாம். அப்புறம் வாங்க, பாக்கலாம்.”

“ஃபைனல் மட்டும்?”

அவர் என்னைப் பார்க்காமல் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் ஏற்கெனவே என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றிருந்தாள்.

ஒன்று எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஹெல்மெட் இல்லாமல் நான் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டேன். யாராவது தலையை இடித்துக்கொண்டால் வேலையை நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது நான்தான். அதே தலையைச் சாயங்காலம் மைதானத்துக்குக் கொண்டுபோகும்போது அது வேறு யாருடையதோ என்பதுபோல இருந்திருக்கிறேன்.

அந்த வாரமே டோர்னமெண்ட் கமிட்டி கூடியது. எங்கள் விஷயத்தைக் கேப்டன் எழுந்து நின்று சொன்னாள். நான் பின்வரிசையில் இருந்தேன். தலையில் பட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும், பட்டவள் அன்றைக்குத் திரும்ப உள்ளே வரக் கூடாது, அவளுக்குப் பதிலாக இன்னொருத்தியை இறக்கலாம், டாக்டர் சரி என்று சொன்னால்தான் அடுத்த மேட்ச், இதைத்தான் அவள் கேட்டாள். அதோடு இன்னொன்றும். பாட்டு மாறினால் எதிராளிக்கு பாயிண்ட் கொடுப்பதற்கு முன்னால், பாடினவளை நிறுத்தி ஏன் மாறியது என்று பார்க்க வேண்டும்.

பாலாநகர் டீமின் மேனேஜர் ஒருவர் குதித்தார். “அப்போ மூச்சு முட்டினா எல்லாரும் சடுகுடுன்னு பாடிட்டு நிப்பாளுங்க! பாயிண்டும் போகாது, பிடியும் கிடையாது. நல்லா இருக்கே கணக்கு!”

“பாடட்டுமே, அண்ணா” என்றாள் கேப்டன். “பாடினா அன்னைக்கு முழுக்க வெளிய உக்காரணும். உங்க டீம்ல வெளிய உக்கார ஆசப்படுற ரைடர் ஒருத்தி இருந்தா காட்டுங்க, நான் பாக்குறேன்.”

அவர் உட்கார்ந்தார். பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உருதுவில் பேசினார். அன்று சிரித்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. “இனிமே விசிலுக்கு முன்னாடி என் சிரிப்பு வராது” என்றார். அது போதும் என்று எனக்குத் தோன்றியது. விதி பாஸானது. காகிதத்தில் அதற்கு என்ன பெயரோ, மைதானத்தில் எல்லோருக்கும் அது ‘சடுகுடு ரூல்’. என் வாயிலிருந்து எனக்குத் தெரியாமல் விழுந்த வார்த்தை என்னையே வெளியே உட்காரவைத்துவிட்டது.

ஃபைனலுக்கு முந்தின நாள் கேப்டன் வீட்டுக்குப் போனேன். அவள் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரே ஒரு தடவ. கடைசியில. மேட்ச் டைட்டா இருந்தா மட்டும். இப்ப தலவலிகூட இல்ல.”

“ரூல் எவரு கோசம் வெச்சோம்? யாருக்காக?”

“மத்தவங்களுக்கும்தானே.”

“முதல்ல யாருக்கு?” என்றாள். மாவுக் கையோடு என் கன்னத்தைத் தட்டினாள். வீட்டுக்கு வரும்வரை அந்த மாவை நான் துடைக்கவில்லை.

வீட்டில் மகளிடம் சொல்லிப் பார்த்தேன், யாராவது ஒருத்தர் என் பக்கம் பேசட்டும் என்று. அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் தெலுங்கில்தான் வரும். “ஒத்து மம்மி” என்றாள். வேண்டாம் அம்மா, அவ்வளவுதான். வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கொண்டே, “அவ சொல்லிட்டால்லா, பெறவு என்ன?” என்றார். கேலி இல்லாமல் அவர் பேசினால் பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஃபைனல் ஜீடிமெட்லா டீமோடு. கயிற்றுக்கு வெளியே எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் நன்றாக ஆடினார்கள். எனக்குப் பதிலாக இறங்கியவள் நன்றாகவே ஆடினாள். அவள் ஒவ்வொரு முறை தொட்டுவிட்டு வரும்போதும் நான் கை தட்டினேன். எனக்குள்ளே ஒருத்தி, ‘அங்கே அப்படித் திரும்பியிருக்கக் கூடாது, நானாக இருந்தால்’ என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவள் வாயை அடைக்க முடியவில்லை.

இரண்டாம் பாதியில் ஜீடிமெட்லாவின் பெரிய ரைடர், ஒல்லியான பெண், எங்கள் ஆட்கள் இருவருக்கு நடுவில் மாட்டித் தலைகுப்புற விழுந்தாள். பாய் ஊதிவிட்டார். அவள் எழுந்து குதித்துக் காட்டினாள். அவர்கள் டீம் மொத்தமும் பாயைச் சூழ்ந்துகொண்டு கத்தியது. பாய் கையை உயர்த்தியபடி அசையாமல் நின்றார். அழுதுகொண்டே வெளியே வந்த அவளுக்கு உட்கார இடமில்லாமல் என் பக்கத்து நாற்காலியைக் கொடுத்தார்கள்.

“நாக்கு ஏம் காலேது அக்கா” என்றாள் என்னிடம், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று.

“நானும் அதயேதான்மா சொன்னேன்” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, என் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் டீம் ஜெயித்துக் கத்தியபோதுகூட அவள் விடவில்லை, அதனால் என்னால் கை தட்ட முடியாமல் போனது. அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

மழைக்காலம் போய் அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுக்கிற நேரம் வந்தது. டாக்டரிடம் போனேன். இந்த முறை வீட்டுக்காரரும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், வார்த்தைகளைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். தலைவலி எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்காரர், “வாரத்துல ரெண்டு நாளு லைட்ட அணைச்சிட்டுப் படுத்துக்கிடுதா, டாக்டர்” என்றார்.

“ஓடுங்க, பிராக்டிஸ் பண்ணுங்க, மத்தவங்களைத் தயார் பண்ணுங்க. பிடிக்கிற ஆட்டம் மட்டும் வேண்டாங்க.”

“இந்த சீசனா?”

“இனிமேல எப்பவுமேன்னு சொல்றேனுங்க” என்றார். குரலை இறக்கி, எங்கள் வீட்டு மனிதர்போல.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் எனக்கு ஒரு லஸ்ஸி வாங்கிக் கொடுத்தார். நான் பாதி குடித்ததும், “ஏளா, அழணும்னா அழுதுக்கோ, நான் ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கேன்” என்றார். திரும்பி நின்றும் கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பிராக்டிஸ் முடிந்து காலணியைத் தேடும் நேரத்தில் கேப்டன் எல்லோரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டாள். ஏழு பேரை எதிர்ப்பக்கம் நிறுத்தினாள், தன்னையும் சேர்த்து. எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

“வா பில்லா. பாடு.”

கோட்டைத் தாண்டினேன். ‘கபடி கபடி கபடி.’ மூச்சு நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் வளையவில்லை. நான் போன பக்கம் எல்லாம் நகர்ந்து வழிவிட்டார்கள், பெரிய வயிற்றோடு வருகிற பெண்ணுக்குப் பஸ்ஸில் வழிவிடுவதுபோல. மூலைப்பெண்ணைத் தொட்டேன், அவள் காலை நீட்டிக் கொடுத்தாள். ஒவ்வொருத்தியாகத் தொட்டேன். திரும்பிப் போனால் ஏழு பாயிண்ட். என் வாழ்க்கையில் அப்படி ஒரு ரைடு கிடையாது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. என் கணுக்காலில் ஒரு கை விழ வேண்டும், இடுப்பில் ஒரு தோள் வந்து மோத வேண்டும், நான் உதறிக்கொண்டு கோட்டுக்காகக் கையை நீட்ட வேண்டும். பாட்டை நிறுத்த முடியாததால் வாயால் கேட்க முடியவில்லை. கேப்டன் முன்னால் போய் நின்று, என் இரண்டு கைகளையும் அவள் முன் நீட்டினேன். பிடி.

“நக்கோ” என்றாள். பின்னால் கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

நான் திரும்பிப் போகவில்லை. அவர்கள் பக்கத்து மண்ணிலேயே, அந்த ஏழு பேருக்கு நடுவில் நின்று பாடினேன். கபடி கபடி என்று, மூச்சு சிறுத்து, பாட்டு வெறும் உதடாகி, அதுவும் தேய்ந்து, தானாக நிற்கும்வரை பாடினேன். எதிர்ப்பக்கத்தில் மூச்சு விட்டால் என்ன விதி என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கேப்டன் கையை அவிழ்த்து மேலே தூக்கினாள்.

“அவுட்” என்றாள்.

நான் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தேன்.